தாத்தா நின்ற இடம்

போன வருடம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் ஆனது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளையோடு சிங்கப்பூர் வருவதாகச் சொன்னாள். டிக்கெட் போட்ட அன்றே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது.

"அண்ணா, ஃபோட்டோ எடுக்க நல்ல லொக்கேஷனா நாலு பாத்து வை. மெர்லயன், மரினா பே எல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு. முக்கியமா ஒண்ணு, தாத்தா நின்னாருல்ல, அந்த எடம். அங்க நாங்க ரெண்டு பேரும் அதே மாதிரி நிக்கணும். அப்பாயிகிட்ட காட்டணும்."

அந்தப் படத்தைப் பார்க்காமல் எங்கள் குடும்பத்தில் யாரும் வளர்ந்ததில்லை. கிராமத்து வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு அடுத்த ஆணியில் தொங்குகிறது. 1961இல் தாத்தா சிங்கப்பூரிலிருந்து கடிதத்தோடு அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், இடது கையில் கடிகாரம். வலது கை ஒரு குட்டைத் தூணின் மேல் இருக்கிறது. பின்னால் அகலமான படிக்கட்டு, இரண்டு பெரிய தூண்கள், அதற்கும் அப்பால் ஓர் ஏரி. கவர்னர் பங்களா வாசலில் எடுத்தது என்று அப்பாவும் சித்தப்பாவும் சொல்வார்கள். கவர்னர் பங்களாவில் இவரை யார் உள்ளே விட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை இங்கிருந்து விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. தளத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு ஒரே அறிவிப்பில் ஆட்டம் கண்டது. அடுத்த வருடம் தாத்தா ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே இறந்தும்போனார். அப்பா தொண்ணூறுகளில் இங்கு வந்தார். நான் ஈசூனில் வளர்ந்து, இங்கேயே பொறியியல் படித்து, இங்கேயே வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து செம்பவாங் இரண்டே எம்ஆர்டி நிலையங்கள். ஆனால் தாத்தா இந்த ஊரில் இருந்தார் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி அந்தப் படம்தான். படத்தின் பின்பக்கத்தில் ஒரு ஸ்டுடியோ முத்திரை உண்டு. மை கரைந்து 'சிங்கப்பூர்' என்பது மட்டும் மிச்சம்.

*

எந்த வேலையையும் எக்செல் ஷீட்டில் தொடங்குவது எங்கள் ஜாதிக் குணம். இடம், நேரம், வெயில் வரும் திசை, கூட்டம் என்று நாலு பத்தி போட்டேன்.

சிங்கப்பூரில் ஃபோட்டோவுக்கு இடம் தேடுகிறவன் முதலில் நேரத்தைத் தேட வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரைப் பாகைகூடத் தள்ளி இல்லாத ஊர் இது. வருடம் முழுவதும் ஏழு மணி வாக்கில் விடிந்து ஏழு மணி வாக்கில் இருட்டும். சூரியன் செங்குத்தாக ஏறி செங்குத்தாக இறங்குவதால் ஃபோட்டோக்காரர்கள் ஏங்கும் அந்த மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம் நின்றாலே பெரிது. மதியம் ஒரு மணிக்கு வெயில் உச்சந்தலையில் இறங்கி எல்லோருடைய கண்குழியிலும் கறுப்பு அப்பிவிடும்.

அந்த நேரத்தில் காப்பாற்றுவது பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை. வீடுகளின் முன்னால் கூரை போட்ட தொடர் நடைபாதை விட வேண்டும் என்று 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்கான உத்தரவிலேயே சொல்லியிருந்தார். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கப் போட்ட விதி. மேலே கூரை, ஒரு பக்கம் சுவர் என்பதால் தெருப்பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரும். முகத்தில் மெத்தென்று விழும். டன்லப் ஸ்ட்ரீட்டிலோ கெர்பாவ் ரோட்டிலோ மதியம் யாரையாவது நிற்கவைத்து எடுத்துப் பாருங்கள், தெரியும்.

பட்டியலில் கெர்பாவ் ரோடு தான் தெங் நியா இல்லம், பெலிலியோஸ் லேன் சுவரோவியம், ஃபோர்ட் கேனிங் மலை எல்லாம் ஏறின. கடைசி வரியில் 'தாத்தா இடம்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன்.

மூன்று சனிக்கிழமைகள் ஃபோனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அலைந்தேன். தேசிய அரும்பொருளகத்தின் படிகள் ஒத்துவரவில்லை. எம்பிரஸ் பிளேஸ் தூண்கள் வேறு மாதிரி. பூமலையில் ஏரி இருக்கிறது, பக்கத்தில் அப்படி ஒரு படிக்கட்டு இல்லை. இடிக்கப்பட்ட கட்டடமாக இருக்கும் என்று நினைத்து, இணையத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய படங்களைத் தோண்ட ஆரம்பித்தேன். ஒரு வார வேலை என்று நினைத்தது இரண்டு மாதம் இழுத்தது.

*

தோண்டத் தோண்ட, இந்த ஊரில் கேமரா முதலில் எங்கே நின்றது என்பது தெரிய வந்தது. அது மலை மேல் நின்றது.

டாகுவேரின் புகைப்பட முறை பாரிஸில் 1839இல் அறிவிக்கப்பட்டது. 1843லேயே சிங்கப்பூரில் லண்டன் ஹோட்டல் நடத்திய காஸ்டன் டுட்ரொன்குவா என்பவர் படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் சீனாவுக்குப் போகும் வழியில் பிரெஞ்சு சுங்க அதிகாரி ஜூல்ஸ் இத்தியே இங்கே இறங்கினார். கவர்னர் மலையிலிருந்து சிங்கப்பூர் ஆற்றையும் போட் கீயையும் ஒரு தகட்டில் எடுத்தார். சிங்கப்பூரின் மிகப் பழைய படங்களில் ஒன்றாக இன்றும் அது இருக்கிறது.

இத்தியே ஏன் மலைக்குப் போனார் என்பது படம் எடுப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். உயரத்தில் நின்றால் ஊர் முழுவதும் ஒரே சட்டகத்தில் அடங்கும். ஆனால் அந்த மலை எல்லோரும் ஏறும் மலையாக இருக்கவில்லை. மலாய்க்காரர்கள் அதை புக்கிட் லாராங்கான் என்றார்கள், தடுக்கப்பட்ட மலை. பழைய அரசர்களின் இடம் என்று யாரும் ஏறமாட்டார்கள். ராஃபிள்ஸ் அங்கே வீடு கட்டினார், அது கவர்னர் மலை ஆனது. 1860 வாக்கில் கோட்டை கட்டி இந்தியாவின் கவர்னர் ஜெனரல் கேனிங்கின் பெயரை வைத்தார்கள். 'நல்ல லொக்கேஷன்' என்பதற்கு அன்று முதல் தகுதி, அங்கே நிற்க உனக்கு அனுமதி இருக்கிறதா என்பதுதான்.

மலையிலிருந்து பார்த்தால் ஆற்றில் படகுகள் தெரியும். அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் படகு வேலையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் நிறைய இருந்தார்கள், தமிழ் முஸ்லிம்கள். தகட்டில் உருவம் பதிய விநாடிக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டடம் நிற்கும், பதியும். நடக்கிறவன், சுமக்கிறவன், துடுப்புப் போடுகிறவன் புகையாகக் கரைந்துபோவான். ஊரைக் கட்டியவர்கள் ஊரின் முதல் படங்களில் இல்லாமல் போனதற்கு வேதியியலும் ஒரு காரணம்.

அந்தத் தகடுகளைக் கீழேயிருந்து பார்த்த ஒருவரும் இருக்கிறார். முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், ஏமனிலிருந்து நாகூர் வந்த அரேபியரின் வழித்தோன்றல், சிறு வயதில் தமிழ் படித்தவர். 1849இல் அச்சான 'ஹிகாயத் அப்துல்லா'வில், அமெரிக்கப் போர்க்கப்பலில் வந்த மருத்துவர் ஒருவர் வெள்ளித் தகட்டில் எடுத்த சிங்கப்பூர் நகரத்தைப் பார்த்து வியந்ததை எழுதியிருக்கிறார். கையால் வரையாமல் வெயிலே வரைந்துவிட்டதே என்கிற அந்த ஆச்சரியத்தை எழுதிவைத்தவர் நம் கரையோடு ரத்தத் தொடர்பு உள்ளவர் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

*

பிறகு கேமரா மலையிலிருந்து இறங்கியது. 1862இல் ஸ்காட்லாந்தின் ஜான் தாம்சன் இங்கே ஸ்டுடியோ போட்டார். 1867இல் ஜெர்மானியர் ஜி. ஆர். லாம்பெர்ட் தொடங்கிய நிறுவனம் அரை நூற்றாண்டு ஓடியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடம் சிங்கப்பூர், மலாயா, சயாம் என்று சுமார் 3,000 காட்சிகள் இருந்தன. அஞ்சலட்டை மோகம் வந்ததும் அந்தக் காட்சிகள் உலகம் சுற்றின. ராஃபிள்ஸ் பிளேஸ், அரசாங்க மாளிகை, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கோபுரம்.

இந்தப் படங்களில் மனிதர்கள் உண்டு. தமிழர்களும் உண்டு. முடிதிருத்துபவர், சலவைக்காரர், மாட்டுவண்டிக்காரர், செட்டியார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. 'கிளிங்' என்று இருக்கும். கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல் அன்று தென்னிந்தியர் எல்லோருக்கும் பொது. இன்று யாராவது சொன்னால் வசவு. அட்டைகளை ஒன்றொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடத்தின் பெயர் துல்லியமாக இருக்கிறது, எந்தப் பாலம், எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். நிற்கிற ஆள் யார் என்று சொல்ல முடியாது. நான் பார்த்தவரை இவற்றில் சிராங்கூன் சாலை அபூர்வம்.

இவற்றுக்கு நேர் எதிரான ஒரு தொகுப்பும் காப்பகத்தில் இருக்கிறது. ஹில் ஸ்ட்ரீட்டில் 1910 முதல் லீ கிங் யான், லீ போ யான் என்ற கான்டனீஸ் சகோதரர்கள் ஸ்டுடியோ நடத்தினார்கள். ஹில் ஸ்ட்ரீட் என்பது அதே மலையின் அடிவாரம். 1994இல் குடும்பத்தார் சுமார் 2,500 படங்களைக் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். கூடுதலாகப் போட்ட பிரதிகள், வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்டுப்போனவை. சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர் எல்லோரும் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் யாரென்று இன்று தெரியாது. ஆனால் இவர்களை யாரும் தெருவில் மறித்து எடுக்கவில்லை. காசு கொடுத்து, தலை சீவி, தாங்களே வந்து உட்கார்ந்தவர்கள். முகத்தில் அது தெரிகிறது.

அவர்களுக்குப் பின்னால் ஒரு தோட்டம், தூண்கள், படிக்கட்டு. எல்லாம் துணியில் தீட்டிய ஓவியம்.

அன்று இரவு மணி பன்னிரண்டு இருக்கும். தாத்தாவின் படத்தைத் திறந்தேன். படிக்கட்டின் விளிம்புகளை நீட்டிக் கோடு போட்டேன். தரை ஓடுகளின் விளிம்புகளை நீட்டி இன்னொரு கோடு. இரண்டும் சேரும் புள்ளிகள் வெவ்வேறு உயரத்தில் வந்தன. ஒரே கேமராவுக்கு இரண்டு கண்மட்டம் இருக்க முடியாது. தூண்களில் நிழல் வலப்பக்கம், தாத்தாவின் மூக்கு நிழல் இடப்பக்கம். தரையை ஒட்டி, அவர் ஷூவுக்குப் பின்னால், துணி லேசாக மடிந்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

எக்செல் ஷீட்டில் கேள்விக்குறியை அழித்தேன். அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அறுபது வருடம் கூடத்தில் தொங்கிய கவர்னர் பங்களா ஒரு திரைச்சீலை. இதை அப்பாயிக்கு யார் சொல்வது? அவருக்கு எண்பத்தி நாலு வயது.

*

தங்கை வருவதற்குள் மற்ற இடங்களையாவது முடித்து வைக்கலாம் என்று ஒரு மாலை தேக்காவுக்குப் போனேன். இம்முறை அந்த இடங்களையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தேன்.

லிட்டில் இந்தியா என்பது பயணத்துறை பரப்பிய பெயர். நமக்கு அது தேக்கா. சிறு மூங்கில்கள் வளர்ந்த இடம் என்கிற ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. இங்கே மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. பெலிலியோஸ் மாட்டு வியாபாரி. சிராங்கூன் சாலையில் செங்கல் சூளைகள் இருந்தன, இந்தியக் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். மலையிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அந்தக் காலத்தில் யாரும் இந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். சாணியும் சூளைப் புகையும் அஞ்சலட்டைக்கு ஆகாது.

1915இல் திறந்த பழைய தேக்கா சந்தை 1982இல் சாலைக்கு எதிர்ப்பக்கம் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. 1989 ஜூலையில் வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. கட்டடங்கள் தப்பின. அதன் பிறகுதான் இந்த வண்ணங்கள். இங்கே மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் வீடு, ஒவ்வொரு சன்னல் பலகைக்கும் ஒரு நிறம் பூசிய தான் தெங் நியா இல்லம். 1900இல் ஒரு சீன மிட்டாய் வியாபாரி கட்டியது. வானவில் நிறங்கள் எண்பதுகளில் புதுப்பித்ததற்குப் பிந்தியவை. 'இந்தியாவின் வண்ணங்கள்' என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். பெலிலியோஸ் லேன் சுவரில் கிளி ஜோசியரையும் சலவைக்காரரையும் அழகாக வரைந்திருக்கிறார்கள். லாம்பெர்ட் காலத்து அட்டையில் நின்ற அதே தொழில்கள், இம்முறை அன்போடு.

2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சந்திப்பில் எரிந்த ஆம்புலன்ஸ்தான் இந்த வட்டாரத்திலிருந்து உலகத்துக்குப் போன இன்னொரு படம். அதிலும் தமிழர்கள் இருந்தார்கள், மறுபடியும் பெயரில்லாத ஒரு கூட்டமாக.

இடம் என்பது நகராத ஒன்று என்று நினைத்திருந்தேன். மெர்லயன் கதை அதையும் உடைத்தது. 1972இல் ஆற்று முகத்தில் அந்தச் சிலையைத் திறந்தார்கள். 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து கடல் பக்கத்துப் பார்வையை மறைத்தது. பாலத்தை ஒன்றும் செய்ய முடியாதே, 2002இல் சிலையை 120 மீட்டர் நகர்த்திவிட்டார்கள். சினிமா இன்னும் சுலபமாகச் செய்தது. சுஜாதாவின் 'பிரியா' நாவல் நடப்பது லண்டனில். 1978இல் ரஜினியை வைத்துப் படம் எடுத்தபோது கதை சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. மன்னார்குடி கொட்டகையில் பார்த்தவர்களுக்கு அதுதான் சிங்கப்பூர்.

அரசாங்கமே சிலையை நகர்த்தலாம், சினிமாக்காரர்கள் லண்டனைத் தூக்கி இங்கே வைக்கலாம் என்றால், தளத்து வேலைக்காரர் ஒருவர் சில வெள்ளி கொடுத்து ஒரு பங்களா வாசலில் நின்றது என்ன பெரிய பொய்?

*

தங்கையும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்த இரண்டாம் நாள் லேப்டாப்பைத் திறந்து கோடுகளைக் காட்டினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அங்க போகவே முடியாதாண்ணா?" என்றாள். சொல்லாமலே விட்டுவிடலாம் என்பது மாப்பிள்ளையின் யோசனை. அவள் கேட்கவில்லை. அப்பாயிக்கு வீடியோ கால் போட்டு, சுற்றி வளைத்து, மெதுவாகச் சொன்னாள்.

அப்பாயி கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "கடையில எடுத்ததுன்னு கடுதாசியிலயே எழுதியிருந்தாரேடி. கவர்னரு பங்களான்னு உங்க அப்பனுவதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சானுவ. அந்தக் கடியாரம்கூட கடைக்காரன் குடுத்ததுதான். எனக்கு எடத்தப் பாத்தா ஆவணும்? மனுசன் எளைச்சிருக்காரா, நல்லாருக்காரான்னு பாத்தேன்."

"நல்லாருந்தாரா அப்பாயி?"

"எளைச்சுத்தான் இருந்தாரு. சட்டை தொளதொளன்னு இருக்கு, தெரியல?"

கோடு போட்டு, நிழல் அளந்து, துணியின் மடிப்பு வரை கண்டுபிடித்தவன் நான். சட்டை தொளதொளவென்று இருந்ததைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு கெர்பாவ் ரோட்டுக்குப் போனோம். பட்டியலில் 'கூட்டம்' பத்தியில் ஞாயிறு வேண்டாம் என்று நான்தான் எழுதியிருந்தேன். தங்கைக்கு அன்றுதான் போக வேண்டும். தங்கும் விடுதிகளிலிருந்து வந்திருந்த தம்பிகள் அந்த வண்ண வீட்டின் முன்னால் மாறி மாறி நின்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுச் சட்டை, கூலிங் கிளாஸ். ஒரே கண்ணாடியை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

அதில் ஒருவர் என்னிடம் ஃபோனை நீட்டினார். "அண்ணே, ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா? வீடு முழுசா வரணும்."

பின்னால் போய் நின்று எடுத்தேன். வீடு முழுசாக வந்தது. அவர் பட்டாணி அளவுக்கு இருந்தார். அப்பாயி ஞாபகம் வந்தது. கிட்டே போய், முகம் தெரிய இன்னும் இரண்டு எடுத்தேன்.

"எந்த ஊரு தம்பி?"

"அறந்தாங்கி பக்கம்ணே. அம்மாவுக்கு அனுப்பணும்."

தங்கையும் மாப்பிள்ளையும் அதன் பிறகு பக்கத்து ஐந்தடி நடைபாதையில் ஒரு தூணின் மேல் கை வைத்து, தாத்தா மாதிரியே விறைப்பாக நின்றார்கள். அதை பிரிண்ட் போட்டு ஊருக்குக் கொடுத்தனுப்பினேன். பின்பக்கத்தில் கரையாத மையில் இரண்டு பேர் பெயர், தெருப் பெயர், தேதி மூன்றையும் எழுதினேன். தாத்தா படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து அதன் பின்பக்கமும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பெயர், 1961, சிங்கப்பூர், கடையில் எடுத்தது.